இன்கா மலைநாடும் அமேசன் காடும்: சொகுசுப் பயணம் ஒன்றின் சமூக அடித்தளம்

உல்லாசப் பயணத் தொழிலில் இன்று தனி மதிப்புப் பெற்றுள்ள ஒரு வகை, பயணியின் விருப்பத்துக்கு அளவெடுத்துத் தைக்கப்படும் பயணமாகும். கூட்டத்தோடு கூட்டமாகப் பஸ்ஸில் ஏற்றி இறக்கப்படுவதை விரும்பாதோரும், அதனைத் தவிர்த்துக்கொள்ளும் பொருள்வசதி உடையோருமே இதன் வாடிக்கையாளர். புறப்படும் நாள், தங்கும் இடம், உணவு, வழிகாட்டி, படகு, குதிரை ஆகிய யாவும் ஒரே குடும்பத்துக்கென ஒழுங்கு செய்யப்படும். இத்தகைய பயணங்களுக்குப் பெயர்பெற்ற நாடுகளுள் தென்னமெரிக்காவின் பெரூவும் ஒன்று. பத்துப் பன்னிரண்டு நாட்களுள் இரு வேறு உலகங்களைக் காட்டித் தருவதாக அங்கு வாக்களிக்கப்படுகின்றது. தலைநகர் லீமாவிலிருந்து விமானத்தில் புவேர்ட்டோ மல்தொனாதோ சென்று, தம்போபாத்தா ஆற்றங்கரையிலுள்ள மழைக்காட்டு விடுதியிற் சில இரவுகள். பின்னர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,400 மீற்றர் உயரத்திலுள்ள குஸ்கோ நகரம். அங்கிருந்து உருபம்பா ஆற்றுப் பள்ளத்தாக்கினூடாகப் புகையிரதத்தில் மச்சு பிச்சு. நிகழ்ச்சி நிரல்கள் பெரும்பாலும் இத்தடத்திலேயே அமைகின்றன. அளவெடுத்துத் தைக்கப்படும் சட்டைகள் ஒரே அளவினவாக அமைந்துவிடுவது இத்தொழிலின் வேடிக்கைகளுள் ஒன்று.

இப்பயணத்தை மேற்கொள்வோரைக் கண்டிப்பது நமது நோக்கமன்று. பிற நாடுகளைக் காணும் ஆவல் இயல்பானதே. வசதி கிட்டினால் நம்முள்ளும் மறுப்போர் சிலராகவே இருப்பர். நாம் இங்கு விளக்க முற்படுவது வேறொன்று. 'மனிதக் காலடி படாத காடு', 'மறைந்து கிடந்த நகரம்' என்ற இரு தொடர்களின் மீதே இப்பயணத்தின் கவர்ச்சி பெரிதும் கட்டப்பட்டுள்ளது. வரலாற்று நோக்கில் இவையிரண்டும் உண்மையல்ல. அக்காடும் அம்மலையும் மனித உழைப்பின் தடம் மிக ஆழமாகப் பதிந்த நிலங்கள். அவ்வுழைப்பைக் கண்ணுக்குப் புலப்படாது செய்தலே இங்கு விற்பனைப் பண்டமாகியுள்ளது என்பது நமது கருத்து.

காட்டையும் மலையையும் இரு வேறு உலகங்களெனக் கொள்வதே முதலிற் கவனிக்க வேண்டிய தவறாகும். ஆண்டீஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவு மிகச் செங்குத்தானது. குஸ்கோவிலிருந்து பவுக்கார்தம்போ ஊடாகச் செல்லும் வீதி, 3,500 மீற்றர் அளவிலான குளிர்ந்த கணவாயிலிருந்து ஒரே பகற் பொழுதில் 1,000 மீற்றருக்கும் தாழ்ந்த வெப்பக் காட்டுக்கு இறங்கிவிடுகின்றது. உயரம் மாற மாற விளைபொருளும் மாறும். மிக உயர்ந்த புல்வெளியில் லாமா, அல்பாக்கா மந்தைகள், அதற்குக் கீழே உருளைக்கிழங்கு, பள்ளத்தாக்கிற் சோளம், காட்டோரச் சரிவிற் கொக்கா. ஒரே உயரத்தில் வாழும் சமூகம் தன் தேவைகள் அனைத்தையும் அங்கேயே பெற்றுவிட முடியாது. சந்தையும் நாணயமும் பெரிதாக வளர்ச்சியுறாத அச்சமூகங்கள் இப்பிரச்சினையை எவ்வாறு தீர்த்தன?

இவ்வினாவுக்கு விடைகண்டவருள் முதன்மையானவர் மானிடவியலறிஞர் ஜோன் முர்ரா. 1916இல் ஒடெசாவிற் பிறந்து, ருமேனியாவில் வளர்ந்து, ஸ்பானிய உள்நாட்டுப் போரிற் சர்வதேசப் படையணியில் நின்று போரிட்ட இவர், பிற்காலத்திற் பதினாறாம் நூற்றாண்டு ஸ்பானிய நிருவாக விசாரணை ஏடுகளை நுணுகி ஆராய்ந்தார். அவ்வாய்வின் பயனாக 1972இல் அவர் வெளியிட்ட கட்டுரை, 'செங்குத்துத் தீவுக்கூட்டம்' என்ற கருத்தை முன்வைத்தது. ஒரு சமூகம் தன் மையக் குடியிருப்பை ஓர் உயரத்தில் வைத்துக்கொண்டு, ஏனைய உயரங்களிலே தன் மக்களுட் சிலரைக் குடியமர்த்தி, அங்கு விளைவதை நேரடியாகவே பெற்றுக்கொள்ளும் முறை அது. தித்திகாக்கா ஏரிக்கரையில் வாழ்ந்த லுப்பாக்கா மக்கள் மேற்கே கடலோரப் பள்ளத்தாக்குகளிலும், கிழக்கே காட்டுச் சரிவிலும் இத்தகைய குடியேற்றங்களை வைத்திருந்தமை 1567ஆம் ஆண்டு விசாரணை ஏட்டினால் தெரியவருகின்றது. சோளம் ஒரு புறத்திலிருந்தும், கொக்காவும் மரமும் மறு புறத்திலிருந்தும் அவர்களை வந்தடைந்தன. தொலைவில் வாழ்ந்தோர் தம் தாய்ச் சமூகத்தின் உரிமைகளை இழக்கவில்லை. பல நாட் பயணத் தூரம் இடையிட்டிருந்தும் அவர்கள் ஒரே சமூகத்தவராகவே கொள்ளப்பட்டனர்.

இதனை நாம் விரித்துரைப்பதற்குக் காரணமுண்டு. இன்று ஒருவர் பெரும் பணம் செலுத்திப் பெறும் 'காட்டிலிருந்து மலைக்கு' என்ற அனுபவம், அந்நிலத்து உழவர் தம் வயிற்றுப்பாட்டுக்காகத் தலைமுறை தலைமுறையாக நடந்த வழியேயாகும். நடந்தோர் கொக்காவும் சோளமும் சுமந்தனர். இன்றைய பயணி புகைப்படங்களைச் சுமக்கின்றார்.

இன்கா அரசு இம்முறையைத் தானாகவே படைத்ததன்று. இருந்ததை எடுத்துத் தன் பேரரசின் அளவுக்குப் பெருப்பித்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் விரைந்து பரவிய அவ்வரசிடம் சில்லு பூட்டிய வண்டி இல்லை, எழுத்து முறை இல்லை, கணக்குக்கு முடிச்சுக் கயிறுகளே, நாணயமும் இல்லை. வரி உழைப்பாகவே பெறப்பட்டது. 'மித்தா' எனப்பட்ட இம்முறைமையின்படி ஒவ்வொரு குடும்பமும் முறைவைத்து அரசுக்கு உழைப்பு நல்கியது. அவ்வுழைப்பிலேயே படிமுறை வயல்களும் களஞ்சியங்களும் வீதிகளும் எழுந்தன. 2014இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்ட இன்கா வீதியமைப்பு, இன்றைய ஆறு நாடுகளில் ஏறத்தாழ 30,000 கிலோமீற்றர் பரந்தது. மனிதக் காலுக்கும் லாமாவின் காலுக்குமே அது அமைக்கப்பட்டது. செங்குத்தான இடங்களில் வீதி படிக்கட்டாகிவிடும். இதனைக் கண்டு வியந்து இன்கா ஆட்சியைப் பொதுவுடைமை ஆட்சியெனப் போற்றியோர் உளர். அது மிகை. உழைத்தோருக்கு அரசு உணவும் சோள மதுவும் வழங்கியது உண்மையே. ஆயின் மிகையுற்பத்தியை ஆண்டு அனுபவித்த அரச குலமும் பூசகர் குழாமும் உழைப்போரிலிருந்து தெளிவாகப் பிரிந்தே நின்றன. கிளர்ச்சி செய்த மக்கள் கூட்டங் கூட்டமாக வேற்றிடங்களுக்குப் பெயர்த்துக் குடியேற்றப்பட்டனர். 1532இல் வந்த ஸ்பானியர் மித்தாவின் பெயரை வைத்துக்கொண்டு அதன் கைம்மாற்றுப் பண்பை அழித்தனர். 1573 முதல் பொத்தோசி வெள்ளிச் சுரங்கத்துக்கு மலைநாட்டு ஆடவர் ஆண்டுதோறும் அனுப்பப்பட்டது இப்பெயரின் கீழேயே.

மச்சு பிச்சுவின் வரலாறும் இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளப்படல் வேண்டும். 1911ஆம் ஆண்டு யூலை 24ஆந் திகதி யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹிராம் பிங்ஹம் அங்கு சென்றடைந்தார். 'இன்காக்களின் தொலைந்த நகரம்' என்ற அவரது நூல் 1948இல் வெளிவந்தது. விளம்பரத் தாள்கள் இன்றும் இத்தலைப்பிலிருந்தே கடன்வாங்குகின்றன. ஆனால் அந்நகரம் யாருக்குத் தொலைந்திருந்தது? ஒரு சோல் கூலி பெற்று அவரை மலைமேல் அழைத்துச் சென்றவர் மெல்ச்சோர் அர்த்தியாகா என்ற உழவர். மேலே றிச்சார்த்தே, அல்வாரெஸ் ஆகிய குடும்பங்கள் பழைய படிமுறை வயல்களிற் பயிர் செய்துகொண்டிருந்தன. வரி வாங்குவோருக்கும் படைக்கு ஆள் பிடிப்போருக்கும் எட்டாத இடமென்றே அவர்கள் அங்கு குடியேறியிருந்ததைப் பிங்ஹமே எழுதியுள்ளார். இடிபாடுகளினூடே வழிகாட்டியது அக்குடும்பத்துச் சிறுவன் ஒருவன். இவற்றுக்கெல்லாம் முன்னரே, 1902இல், குஸ்கோப் பகுதியைச் சேர்ந்த அகுஸ்தின் லிசாராகா தம் பெயரை அங்குள்ள சுவரொன்றில் எழுதியிருந்தார். வரி வாங்குவோரிடமிருந்து மறைந்திருத்தல் அம்மக்களின் தேவை. அம்மறைவையே பிறர் தம் கண்டுபிடிப்பாக்கிக்கொண்டனர்.

மேலும், மச்சு பிச்சு பொது வழக்கிலான நகரமன்று. 1568ஆம் ஆண்டு நில ஆவணமொன்றைத் துணையாகக் கொண்டு, அது பச்சகூதி என்னும் இன்கா மன்னனின் குலத்துக்குரிய அரச பண்ணையும் ஓய்வுறைவிடமும் என ஆய்வாளர் முடிவு செய்துள்ளனர். குஸ்கோவின் குளிரிலிருந்து மன்னனும் சுற்றமும் இறங்கி வந்து தங்கிய சொகுசு மாளிகை அது. சொகுசுப் பயணி இன்று காணச் செல்வது பழையதொரு சொகுசு விடுதியையே. அவ்விடத்தில் ஆண்டு முழுவதும் வாழ்ந்தோர் யார் என்பதே சுவையான வினா. பிங்ஹமின் குழுவினர் 1912இல் அங்குள்ள புதைகுழிகளிலிருந்து எடுத்த எலும்புகள் நீண்ட காலம் யேலில் இருந்தன. நெடிய வாக்குவாதத்தின் பின் 2011, 2012ஆம் ஆண்டுகளிற் குஸ்கோவுக்குத் திரும்பின. அவ்வெலும்புகளுட் சிலவற்றின் மரபணு ஆய்வு 2023இல் வெளியாயிற்று. ஆராயப்பட்ட 34 பேரும் அரச பண்ணையின் பணியாளரெனக் கருதப்படுவோர். அவர்களின் பூர்வீகம் மலைநாட்டில் மட்டுமன்றிக் கடற்கரையிலும் அமேசன் காட்டிலும் இருந்தமை தெரியவந்தது. அவர்களுட் பெற்றோர் பிள்ளை உறவுடையோர் ஒரு தாயும் மகளும் மாத்திரமே. ஏனையோர் குடும்பத்தோடு வந்தவரல்லர், தனித்தனியே கொண்டுவரப்பட்டோர். மழைக்காட்டையும் இன்கா மலைநாட்டையும் இணைத்த பயணங்களுள் நமக்குத் தெரிந்த மிகப் பழைய சான்றுகள் சில, இவ்வாறு ஏவலரின் எலும்புகளிற் பதிந்துள்ளன.

இனி, காலடி படாததெனக் கூறப்படும் காட்டை நோக்குவோம். மனு தேசியப் பூங்கா 1973இல் நிறுவப்பட்டது. 1987இல் உலக மரபுரிமையாயிற்று. 17 இலட்சம் ஹெக்டயருக்கும் மேற்பட்டது. தம்போபாத்தா ஒதுக்குக்காடு 2000ஆம் ஆண்டில் அமைந்தது. இவ்விரண்டும் உயிரினச் செழிப்பில் உலகில் முன்வரிசையில் நிற்பவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் இங்கு மனிதர் அருகிக் காணப்படுவது இயற்கையின் செயலன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இறப்பர் வேட்டை இக்காட்டினுட் புகுந்தது. கார்லோஸ் பிட்ஸ்கரால்ட் என்ற இறப்பர் முதலாளி உருபம்பாவின் கிளையாறுகளுக்கும் மனு ஆற்றுக்கும் இடையிலான குறுகிய நிலத்தைக் கடந்து, தன் நீராவிப் படகைப் பகுதி பகுதியாகக் கழற்றிப் பழங்குடி மக்களைக் கொண்டு சுமப்பித்தான். 1894இல் மேல் மனுவில் மாஷ்கோ மக்களை அவனது ஆட்கள் கொன்று குவித்தனர். 1897இல் அவன் உருபம்பாவில் மூழ்கி இறந்தான். 1982இல் வெர்னர் ஹெர்சொக் எடுத்த திரைப்படம் இவனைக் கனவுலக வீரனாக்கியது. கொல்லப்பட்டோருக்கு அத்தகைய படமொன்று இல்லை. அக்காலத்தில் தப்பியோடி ஆற்று மூலங்களில் ஒதுங்கியோரின் வழிவந்தோரே, இன்று வெளியாரோடு தொடர்பை மறுத்து வாழும் மாஷ்கோ பீரோ மக்கள் என ஆய்வாளர் கருதுகின்றனர். ஆகவே 'தீண்டப்படாத' காடு என்பது பெரும்பாலும் தீண்டியவரிடமிருந்து ஓடியோரின் காடேயாகும்.

வடக்கே, வெகு தொலைவில், புத்துமாயோ ஆற்றுப் பகுதியில் நிகழ்ந்தது இதனினும் கொடியது. ஹுலியோ சேசர் அரானாவின் கம்பனி 1907இல் இலண்டனிற் பதிவு செய்யப்பட்டது. அதன் ஊழியருட் பார்படோஸ் தீவைச் சேர்ந்த பிரித்தானியப் பிரசைகளும் இருந்தமையால், பிரித்தானிய அரசு 1910இல் றொஜர் கேஸ்மன்றை விசாரணைக்கு அனுப்பியது. ஹுயித்தோத்தோ, போரா முதலான மக்கள் சவுக்கடியாலும் பட்டினியாலும் இறப்பர் சேர்க்க வலுக்கட்டாயப்படுத்தப்பட்டதை அவரது அறிக்கை 1912இல் உலகறியச் செய்தது. அதனை எழுதியமைக்காகப் பிரபு பட்டம் பெற்ற கேஸ்மன்ற், அயர்லாந்தின் விடுதலைக்கு உழைத்தமைக்காக 1916இல் அதே அரசினால் தூக்கிலிடப்பட்டார்.

இவ்விடத்தில் நமது நாடும் இவ்வரலாற்றினுள் நுழைகின்றது. 1876இல் ஹென்றி விக்ஹம் பிரேசிலின் தபஜோஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளை இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுசென்றார். முளைத்தவை 2,700 அளவில். அவற்றுள் ஏறத்தாழ 1,900 நாற்றுக்கள் அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. அங்கிருந்து பரவிய இறப்பர், இலங்கையிலும் மலாயாவிலும் பெருந்தோட்டமாயிற்று; பால் வெட்டியோருட் பெருந்தொகையினர் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர். 1913 அளவில் ஆசியத் தோட்ட இறப்பர் காட்டு இறப்பரை விஞ்சியது. அமேசன் இறப்பர் முதலாளிகள் வீழ்ந்தனர். காட்டு மக்களின் கொடுமை தணிந்ததற்கு மனிதாபிமானத்தினும் பார்க்க விலைச் சரிவே கூடிய காரணமாயிற்று. ஒரு கண்டத்திற் சவுக்கினாற் பெறப்பட்ட பண்டம், இன்னொரு கண்டத்திலே கங்காணி முறையினாலும் கடன் முறையினாலும் மலிவாகப் பெறப்பட்டது.

சிங்கோனாவின் கதையும் இத்தகையதே. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகிய இம்மரத்தைத் தேடி 1860இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தென் பெரூவின் கரபாயாக் காட்டுச் சரிவுக்குச் சென்றார். அடுத்த ஆண்டில் சிங்கோனாச் செய்கைக்கென்றே நமது ஹக்கலைத் தோட்டம் நிறுவப்பட்டது. கோப்பி நோயுற்று அழிந்த காலத்தில் மலையகத் துரைமார் சிறிது காலம் நம்பியிருந்தது இம்மரத்தையே. அதே மார்க்கம் முன்னர் குஸ்கோவைக் கண்டு பயண நூல் எழுதியவர். பின்னர் இன்காக்களின் வரலாற்றையும் எழுதியவர். இன்காக்களின் மேன்மையைப் புகழ்வதும் அவர்தம் வழிவந்தோரின் மரத்தை எடுத்துச் செல்வதும் அவருக்கு முரணாகத் தோன்றவில்லை போலும்.

சொகுசுப் பயணத்தின் இன்றைய அமைப்புக்கு வருவோம். குஸ்கோவிற் பதினாறாம் நூற்றாண்டில் நிறுவப்பட்ட குருத்துவக் கல்லூரியொன்று இன்று உயர்தர ஹோட்டல். உயரத்தினாற் பயணிக்கு மூச்சுத் திணறாதிருக்க அறையினுள் ஒட்சிசன் செலுத்தப்படுகின்றது. 1999இல் அரச புகையிரதப் பாதைகள் தனியாருக்குக் குத்தகையாயின. 2003 முதல் மச்சு பிச்சுவுக்குச் செல்லும் சொகுசுப் புகையிரதமொன்று பிங்ஹமின் பெயரையே தாங்குகின்றது. அர்த்தியாகாவின் பெயரில் எதுவும் ஓடுவதாகத் தெரியவில்லை. உள்ளூர் மக்களுக்குக் குறைந்த கட்டணத்திற் தனிப் புகையிரதம் உண்டு. அதில் வெளிநாட்டார் ஏறலாகாது. தனிமை என்பது எவ்வாறு ஒழுங்கு செய்யப்படுகின்றது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

நடந்தே செல்ல விரும்புவோருக்குச் சுமார் 43 கிலோமீற்றர் நீளமான, நான்கு நாட் பாதையொன்று உண்டு. அதன் மிக உயர்ந்த கணவாய் 4,200 மீற்றரையும் கடந்தது. அப்பாதையில் நாளொன்றுக்கு 500 பேருக்கே அனுமதி என்று விதிக்கப்பட்டது. அவருட் பயணிகள் ஏறத்தாழ 200 பேரே. எஞ்சியோர் வழிகாட்டிகளும் சமையற்காரரும் சுமைகாரருமாவர். அஃதாவது, 'தனித்து நடக்கும்' ஒவ்வொருவருக்கும் பின்னால், கூடாரமும் அடுப்பும் மேசையும் முதுகிற் கட்டியவராய் ஒருவருக்கு மேற்பட்டோர் நடக்கின்றனர். அவர்கள் பெரும்பாலும் கெச்சுவா பேசும் உழவர். பயிர்ச் செய்கையால் மட்டும் குடும்பத்தைத் தாங்க இயலாதோர். காலையிற் கூடாரத்தைக் கழற்றி, பயணியை முந்தி ஓடி, அவர் வந்து சேருமுன் அடுத்த இடத்தில் அதனை நாட்டி, சமைத்து வைத்தல் அவர் கடமை. சுமைக்கு 20 கிலோகிராம் எல்லை வகுத்த சட்டம் 2001இலேயே வந்தது. 2022இற் புதிய சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. தராசு வைத்துச் சுமையை நிறுக்கும் ஏற்பாடு, சுமைகாரரே சங்கமாகத் திரண்டு கேட்டதன் பேறு என்பதை மறத்தலாகாது.

இவ்வுழவர் இவ்வாறு மெலிந்திருப்பதன் வேர் நிலவுடைமையில் உள்ளது. பெரூவின் பழங்குடி மக்களின் பிரச்சினை பண்பாட்டுப் பிரச்சினையோ கல்விப் பிரச்சினையோ அன்று, நிலப் பிரச்சினையே என்று ஹொசே கார்லோஸ் மரியாத்தெகி 1928இலேயே நிறுவினார். மச்சு பிச்சுவுக்கு அப்பாலுள்ள லா கொன்வென்சியோன் பள்ளத்தாக்கிற் பண்ணைக் குத்தகையாளர், ஊகோ பிளாங்கோ போன்றோரின் தலைமையில் 1960களின் தொடக்கத்தில் நிகழ்த்திய வேலைநிறுத்தங்கள் நாட்டையே அதிரச் செய்தன. 1969 யூன் 24இல் வெலாஸ்கோவின் இராணுவ அரசு நிலச் சீர்திருத்தத்தைப் பிரகடனஞ் செய்தது. பெரும் பண்ணைகள் ஒழிந்தன. ஆனால் மலையுழவருக்குக் கிடைத்த துண்டு நிலத்துக்கு நீரும் கடனும் சந்தையும் போதியளவிற் பின்தொடரவில்லை. அந்த இடைவெளியிலேயே சுமை தூக்கும் தொழில் வேரூன்றியது.

இத்துறையில் வேறு வழி அறவே இல்லையெனக் கூறல் நேர்மையாகாது. தம்போபாத்தாவில் எசே எஜா மக்களும் பிறரும் வாழும் ஊரொன்று உண்டு; அதன் பெயர் இன்பியெர்னோ, நரகம் என்று பொருள். அவ்வூரார் 1996இற் பயணக் கம்பனியொன்றுடன் ஒப்பந்தஞ் செய்து, இலாபத்தில் நூற்றுக்கு 60 பங்கு ஊருக்கென்ற நிபந்தனையுடன் விடுதி அமைத்தனர். ஊரவரே படகோட்டினர், வழிகாட்டினர், கணக்கையும் பார்த்தனர். எனினும், அதே மாநிலத்தில் ஆற்றுப் படுகைகளைக் கிளறிப் பாதரசம் கொண்டு தங்கம் எடுக்கும் சுரங்கங்கள், விடுதிகளால் ஈர்க்கவியலாத தொகையான மலைநாட்டு ஏழைகளைக் காட்டுக்கு இழுத்துள்ளன. மலையிலிருந்து காட்டுக்கான இறக்கம் இன்றும் நின்றபாடில்லை. அதற்கு விளம்பரத் தாள் இல்லை, அவ்வளவே.

2024 ஜனவரியில், மச்சு பிச்சுவின் நுழைவுச் சீட்டு விற்பனையைத் தனியார் நிறுவனத்திடம் கையளித்தமையை எதிர்த்து, மலையடிவார ஊரவர் கடையடைத்துப் புகையிரதப் பாதையை மறித்தனர். அதற்கு ஓராண்டு முன்னர் நிகழ்ந்தது இன்னும் பெரிது. 2022 டிசெம்பர் 7இல் சனாதிபதி பெத்ரோ காஸ்தியோ பதவி நீக்கப்பட்டதும் தென் மலைநாடு கொந்தளித்தது. 2023 ஜனவரி 9இல் ஹூலியாக்கா நகரில் மட்டும் குறைந்தது 17 பேர் கொல்லப்பட்டனர். ஜனவரி 21இல் மச்சு பிச்சு மூடப்பட்டது. பெப்ரவரி நடுப்பகுதி வரை திறக்கப்படவில்லை. கொந்தளிப்புத் தொடங்கிய டிசெம்பர் நாட்களில், புகையிரதம் நின்றுவிட்டமையால், பல நூறு பயணிகள் மலையடிவாரத்திற் சிக்குண்டனர். ஹெலிகொப்டருக்குக் காத்திராத சிலர் தம் பொதிகளைத் தாமே தோளிற் சுமந்து, உருபம்பா ஆற்றோரமாகத் தண்டவாளத்தின் வழியே நடந்து வெளியேறினர்.